காப்பியா? டீயா?

பட்டிமன்றத் தலைப்பு: வெளியூர்ப் பயணத்தில் நிம்மதி தருவது உறவினர் வீடா? ஓட்டல் அறையா?

('ஓட்டல் அறையே!' அணியின் நிறைவுப் பேச்சு)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசிவிட்டு, 'இதற்கு மேல் இவர் என்ன பேசிவிடப் போகிறார்' என்ற முகத்தோடு அமர்ந்திருக்கும் எதிரணிச் சகோதரி அவர்களே! என் அணித் தோழர்களே! அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே! ஒரு கையில் காப்பி டம்ளரும் மறு கையில் ரிமோட்டுமாகத் தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்திருக்கும் அன்புக் குடும்பத்தாரே!

சகோதரி அருமையாகப் பேசினார். "உறவினர் வீட்டில் அன்பு கிடைக்கும், ஓட்டலில் பில்தான் கிடைக்கும்" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல பேச்சுக்குத் தட்டித்தானே ஆக வேண்டும்? அவர் வந்து உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டேன். "அம்மா, இன்றைக்கு ராத்திரி எங்கே தங்கல்?" "விழாக்குழுவில் ஓட்டல் ரூம் போட்டிருக்காங்க ஐயா" என்றார். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

"ஏம்மா, இந்த ஊரில் உங்களுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லையா?" என்று கேட்டேன். "சித்தி வீடு இருக்கு ஐயா. பாவம், ராத்திரி பதினோரு மணிக்குப் போய் எதுக்கு அவங்களுக்குத் தொந்தரவு..." என்றார்.

நடுவர் அவர்களே! சகோதரி மைக்குக்கு முன்னால் பேசியது எதிரணி வாதம். நாற்காலியில் உட்கார்ந்து பேசியது எங்கள் அணி வாதம். அவர் சொன்னாரே, 'பாவம்' என்று ஒரு சொல். அந்தச் சித்தியை நினைத்து வந்த சொல். அந்த ஒரு சொல்லை விளக்கத்தான் நான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டல் என்றதும் எதிரணியினர் இரண்டைத்தான் காட்டினார்கள். ஒன்று, பளிங்குத் தரையில் கால் வைக்கவே பயமாக இருக்கிற ஐந்து நட்சத்திர ஓட்டல். இன்னொன்று, பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மூட்டைப் பூச்சி நம்மை வரவேற்கிற லாட்ஜ். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது ஐயா. நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரன் குடும்பத்தோடு தங்குகிற நடுத்தர ஓட்டல். அதிலும் ஒரே பெயரில் பல ஊர்களில் இருக்கிற ஓட்டல். மதுரையிலும் அதே பெயர்ப்பலகை, கோவையிலும் அதே பெயர்ப்பலகை. நான் பேசுவது அந்த ஓட்டலைப் பற்றி.

அதிலே என்ன விசேஷம்? விசேஷம் எதுவும் இல்லை என்பதுதான் விசேஷம்! சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோம். குளிக்கப் போகும்போது வாசலில் நின்று ஒரு வகுப்பே எடுப்பார்கள். "மாப்ளே, அந்த சிவப்புக் குழாயைத் திறக்காதீங்க, அதுதான் பச்சைத் தண்ணி. நீலத்தைத் திறந்தா வெந்நீர். திறந்துட்டு ஒரு தட்டுத் தட்டணும். தாழ்ப்பாள் சரியா விழாது, பாடிக்கிட்டே குளிங்க." (சிரிப்பு) நான் தமிழ்ப் பேராசிரியர். எனக்குப் பாடத் தெரியாது. தொல்காப்பிய நூற்பா சொல்லிக்கொண்டே குளித்திருக்கிறேன். வெளியே வந்தால், "உள்ளே என்ன, யாரோடயோ சண்டையா?" என்று கேட்டார்கள். (பலத்த சிரிப்பு)

நடுவர்: நூற்பாவுக்குத் தாழ்ப்பாள் விழுந்ததா ஐயா?

தாழ்ப்பாள் விழவில்லை ஐயா, சோப்பு விழுந்தது! (சிரிப்பு)

இந்த ஓட்டலில் அந்த வகுப்பு இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் கட்டில் ஏறக்குறைய அதே கட்டில். சுவிட்ச் அதே இடத்தில். வெள்ளை விரிப்பு, வெள்ளைத் துண்டு, தண்ணீர் சுட வைக்க ஒரு கெட்டில். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தாலும் விளக்கு எங்கே என்று சுவரைத் தடவ வேண்டாம். ஓர் ஊரில் கழிப்பறை அழுக்கு என்றால் எல்லா ஊரிலும் அந்தப் பெயருக்கு அழுக்கு. அந்தப் பயத்தினாலேயே சுத்தமாக வைத்திருக்கிறார்கள். இதுதான் அந்தச் சங்கிலியின் சூட்சுமம்.

முதல் தடவை போனபோது நானும் ஏமாந்தேன், மறைக்கவில்லை. சாவி என்று ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். கதவு திறந்தது. உள்ளே போனால் விளக்கு எரியவில்லை. 'சரி, மின்வெட்டு' என்று இருட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காப்பி கொண்டுவந்த பையன், என் சட்டைப் பையில் இருந்த அட்டையை வாங்கிச் சுவரில் ஒரு பெட்டியில் செருகினான். அறை முழுக்க வெளிச்சம்! "சார், வெளிச்சம் உங்க பையிலதான் இருந்துச்சு" என்றான். முப்பது வருஷம் தத்துவம் படித்த எனக்கு அவன் ஒரு வரியில் உபதேசம் பண்ணிவிட்டுப் போனான்! (கைதட்டல்)

எதிரணித் தம்பி ஒருவர் கேட்டார், "ஓட்டல்காரனுக்குக் குடும்பத்தின் அருமை தெரியுமா?" என்று. தம்பி! இந்தச் சங்கிலி ஓட்டல் என்கிற ஏற்பாட்டை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியதே ஒரு குடும்பஸ்தனின் வயிற்றெரிச்சல்தான்.

அமெரிக்காவில் மெம்ஃபிஸ் என்று ஓர் ஊர். அங்கே கெம்மன்ஸ் வில்சன் என்று ஒருவர், வீடு கட்டி விற்கிறவர். 1951ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு தலைநகர் வாஷிங்டனுக்குப் போனார். வழியில் தங்கிய இடங்களில் பிள்ளை ஒன்றுக்கு இரண்டு டாலர் கூடுதலாகக் கேட்டார்கள். ஐந்து பிள்ளைக்குப் பத்து டாலர்! அறை வாடகையைவிடப் பிள்ளை வாடகை பெரிதாகிவிட்டது. சரி, காசுதான் போகிறது, அறையாவது நன்றாக இருக்குமா என்றால் ஓர் இடம் நன்றாக இருக்கும், அடுத்த இடம் சகிக்காது.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? ஊருக்குத் திரும்பி வந்து பத்துப் பேரிடம் புலம்பியிருப்போம். அவர் தங்கிய அறைகளை அளவெடுத்துக்கொண்டு வந்தார். 'நானே கட்டுகிறேன், நாடு முழுக்க நானூறு கட்டுகிறேன்' என்றார். மனைவி சிரித்தாராம். அது எல்லா நாட்டிலும் உள்ளதுதானே? (சிரிப்பு) 1952இல் மெம்ஃபிஸிலேயே முதல் ஓட்டலைத் திறந்தார். பெயர் ஹாலிடே இன். பெற்றோரோடு ஒரே அறையில் தங்குகிற பிள்ளைக்குக் காசு கிடையாது என்றார். 1968இல் அவருடைய ஓட்டல்கள் ஆயிரத்தைத் தொட்டன. 1970களில் அவர்கள் செய்த விளம்பரத்தின் கருத்து என்ன தெரியுமா? 'ஆச்சரியம் எதுவும் இல்லாமல் இருப்பதுதான் மிகச் சிறந்த ஆச்சரியம்.' ஐந்து பிள்ளை பெற்றவனுக்குத்தான் ஐயா அந்த வாசகத்தின் அருமை தெரியும்!

"அது அமெரிக்கா, நம் பண்பாடு வேறு" என்று சொல்வீர்கள். நம் பண்பாட்டுக்கே வருகிறேன். மதுரை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே நிற்பது என்ன? ராணி மங்கம்மாள் சத்திரம். முன்னூறு ஆண்டுகளுக்கு முன்னால் அந்த அம்மையார் சாலை போட்டார், மரம் நட்டார், சத்திரம் கட்டினார். வழிப்போக்கன் வீடு வீடாகக் கதவைத் தட்டாமல் தங்க ஓர் இடம் வேண்டும் என்று ஒரு பெண் நினைத்திருக்கிறார். கவனியுங்கள், ஒரு பெண்! ஏனென்றால், கதவைத் தட்டினால் எழுந்து வந்து அடுப்பு மூட்டப் போவது யார் என்று ஒரு பெண்ணுக்குத்தான் தெரியும். (கைதட்டல்)

தஞ்சையை ஆண்ட மராட்டியர்கள் ராமேசுவரம் போகும் வழி நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். அந்தச் சத்திரங்களைப் பற்றி இரண்டாம் சரபோஜி மன்னர் 1801இல் ஆங்கில அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். வந்தவருக்குச் சோறு, நோயாளிக்கு வைத்தியம், வழியில் பிரசவமான பெண்ணுக்கு மருந்தும் மூன்று மாதம் வரை தங்க இடமும் தருகிறோம் என்று அதில் சொல்கிறார். காசிக்குப் போகும் யாத்திரீகர்களுக்காக நகரத்தார்கள் 1863லேயே அங்கே சத்திரம் வைத்துவிட்டார்கள். ஊர் ஊராகச் சத்திரம் வைத்த நமக்குச் சங்கிலி ஓட்டல் புதிதா?

அரசாங்கமும் இதைச் செய்திருக்கிறது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971இல் தொடங்கியது. கன்னியாகுமரியிலும் ஊட்டியிலும் ராமேசுவரத்திலும் 'ஹோட்டல் தமிழ்நாடு' என்று ஒரே பெயரில் பலகை நிற்கிறதே, அதுவும் சங்கிலிதான். டாடா நிறுவனம் 2004இல் பெங்களூரில் குறைந்த வாடகை ஓட்டல் ஒன்றைத் திறந்து, பிறகு அதற்கு ஜிஞ்சர் என்று பெயர் வைத்துப் பல ஊர்களுக்குக் கொண்டுபோனது. அந்த எண்ணத்துக்குத் துணை நின்றவர் நம் கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத். ஏழையையும் நடுத்தரக்காரரையும் மரியாதைக்குரிய வாடிக்கையாளராகப் பாருங்கள் என்று உலகத்துக்கே பாடம் சொன்னவர் அவர்.

அடுத்து, செலவு. "உறவினர் வீடு இலவசம்" என்றார்கள். அப்படியா? வெறுங்கையோடு போக முடியுமா? இனிப்பு அறுநூறு ரூபாய். பழம் நானூறு. ஓட்டல் என்றால் வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளலாம். ஒன்றுவிட்ட மச்சான் வீடோ நகரத்துக்கு அந்தப் பக்கம், புதிதாகப் போட்ட பிளாட்டில். போக வர ஆட்டோ எண்ணூறு. புறப்படும்போது குழந்தைகள் கையில் ஆளுக்கு இருநூறு. இரண்டாயிரத்து இருநூறு ஆகிவிட்டது! பல ஊர்களில் நடுத்தர அறை வாடகை இதை ஒட்டித்தான் வருகிறது. இதோடு முடிந்ததா? மே மாதம் அந்த மச்சான் ஐந்து பேரோடு நம் வீட்டில் வந்து இறங்குவார். உறவினர் வீட்டில் தங்குவது இலவசம் இல்லை ஐயா, கடன்! ஓட்டலில் பில்லோடு கணக்கு முடிந்தது. இங்கே வட்டியோடு வரும்! (பலத்த கைதட்டல்)

ஓட்டலில் குறையே இல்லை என்று நான் வழக்காட வரவில்லை. நம் ஊர் லாட்ஜுகள் பலவற்றில் உள்ளே போன நேரத்திலிருந்து இருபத்து நான்கு மணி நேரம் என்பது கணக்கு. சங்கிலி ஓட்டல்களில் பெரும்பாலும் பகல் பன்னிரண்டை ஒட்டி அறையைக் காலி செய்ய வேண்டும். காலை ஐந்து மணி ரயிலில் இறங்குகிறவர் முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரவேற்பறையில் உட்கார வேண்டியதுதான். காலைச் சிற்றுண்டி வாடகையில் சேர்த்தியா, தனியா? பிள்ளைக்கு எத்தனை வயது வரை இலவசம்? இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். திருவிழா, தொடர் விடுமுறை என்றால் அதே அறைக்கு வாடகை ஏறும். எல்லாருடைய அடையாள அட்டையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று. இவ்வளவையும் ஓட்டலில் கேட்கலாம்! சொந்தக்காரர் வீட்டில், "அத்தை, காலை டிபன் இதில் சேர்த்தியா?" என்று கேட்க முடியுமா? (பலத்த சிரிப்பு)

நடுவர் அவர்களே! சிரித்தது போதும். இனி, சகோதரி சொன்ன அந்தப் 'பாவம்' என்ற சொல்லுக்கு வருகிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் என் மனைவியிடம், "வர்ற லீவுக்கு அண்ணன் வீட்டுக்கு ஒரு வாரம் போயிட்டு வரலாம், உனக்கும் ஓய்வா இருக்கும்" என்றேன். அவள் அரிவாள்மனையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "உங்களுக்கு ஊர் மாறும். எனக்கு அடுப்புதான் மாறும்."

நான் வாயடைத்துப் போனேன். உண்மைதானே? விருந்தாளியாகப் போன வீட்டில் நான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். அவளால் உட்கார முடியுமா? "நீ போய் உட்காரும்மா" என்று அந்த வீட்டு அம்மா சொல்வார்கள். சொல்வார்களே தவிர, இவள் உட்கார்ந்துவிட்டால், "படிச்ச பொண்ணு, ஒரு டம்ளரைக்கூட எடுத்து வைக்கல" என்று பேச்சு வரும். ஆக, விருந்து கொடுக்கிற பெண்ணுக்கும் வேலை, விருந்துக்குப் போகிற பெண்ணுக்கும் வேலை. விருந்தோம்பலின் புகழ் மட்டும் வாசலில் நின்று கைகூப்புகிற ஆம்பளைக்கு!

எனக்கு ஓர் அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவள். எங்கள் அம்மாவுக்கு உடம்பு முடியாத காலத்தில் என்னைத் தூக்கி வளர்த்தவள். கல்யாணமாகிச் சென்னைக்குப் போனாள். மேற்கு மாம்பலத்தில் ஒரே ஒரு படுக்கையறை கொண்ட வீடு. நான் விடைத்தாள் திருத்தப் போவேன், வாய்மொழித் தேர்வு நடத்தப் போவேன், இந்த மாதிரி நிகழ்ச்சிக்கும் போவேன். இருபது வருஷம் அக்கா வீட்டில்தான் தங்கினேன். வேறு இடம் என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை.

ஒரு தடவை ரயில் தாமதம். நள்ளிரவு பன்னிரண்டரைக்குக் கதவைத் தட்டுகிறேன். "வாடா தம்பி, சாப்பிட்டியா?" "ஆச்சுக்கா" என்றேன். "பொய் சொல்லாதே, முகத்துல தெரியுது" என்று தோசைக்கல்லை ஏற்றினாள். நாலு தோசை. சட்னி அப்போது அரைத்தது. சாப்பிட்டேன். எனக்கு எப்போதும் கொடுக்கிற அந்தப் படுக்கையறையில், மின்விசிறிக்குக் கீழே படுத்துத் தூங்கிப் போனேன்.

மூன்று மணி இருக்கும். தாகம். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். கூடத்தில் அத்தான் படுத்திருக்கிறார். குளியலறைக்குப் போகும் நடையில் மூலையில் ஒரு விளக்கு. அதன் கீழே சுவரில் சாய்ந்தபடி, மடியில் புத்தகத்தோடு என் அக்கா மகள் தூங்குகிறாள். அவளுக்கு அந்த வாரம் பிளஸ் டூ பரீட்சை. அவள் படிக்கிற அறையில்தான் நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். அடுக்களைக்குள் கால் வைத்தேன். தரையில் ஒரு பழைய புடவையை விரித்து, காஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவில், முழங்காலை மடக்கிக்கொண்டு என் அக்கா படுத்திருந்தாள். முழங்காலில் தைலம் தடவிய வாடை. அவளுக்கு மூட்டுவலி இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இருபது வருஷம் ஐயா! இருபது வருஷமும் அவள் எங்கே படுத்தாள் என்று நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. (அரங்கில் அமைதி)

நான் தண்ணீர் குடிக்கவில்லை. டம்ளர் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவாளே என்று அப்படியே திரும்பி வந்தேன். விடிகிற வரை தூக்கம் இல்லை.

அடுத்த தடவை சென்னைக்குப் போனபோது ஒரு நடுத்தர ஓட்டலில் அறை போட்டேன். விஷயம் அக்கா காதுக்குப் போய்விட்டது. போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நான் செத்துட்டேன்னு உன்கிட்ட யாருடா சொன்னா?" போனை வைத்துவிட்டாள். இரண்டு மாதம் பேசவில்லை. எதிரணியினர் சொன்னார்களே, ஓட்டலுக்குப் போனால் உறவு அறுந்துவிடும் என்று. அந்த இரண்டு மாதமும் நானும் அப்படித்தான் பயந்தேன்.

அக்கா மகள் கல்யாணம் முடிந்த பிறகு, அக்காவையும் அத்தானையும் கன்னியாகுமரிக்கு அழைத்துப் போனேன். நானும் என் மனைவியும் ஓர் அறை, அவர்களுக்கு ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் கடல். அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "இவ்வளவு வெள்ளையா விரிச்சு வெச்சிருக்கான், எப்படிடா படுக்கிறது?" என்றாள்.

மறுநாள் காலை. கீழே சிற்றுண்டிக் கூடம். இட்லி, பொங்கல், பூரி எல்லாம் வரிசையாக வைத்திருக்கிறார்கள். அக்கா தட்டை எடுத்து முதலில் அத்தானுக்கு வைத்தாள், எனக்கு வைத்தாள், என் மனைவிக்கு வைத்தாள். பழக்கம்! கையைப் பிடித்து உட்கார வைத்தோம். பரிமாறுகிற பையன் ஒருவன், இருபது வயதிருக்கும், பக்கத்தில் வந்து குனிந்து கேட்டான்.

"அம்மா, உங்களுக்குக் காப்பியா? டீயா?"

அக்கா பதில் சொல்லவில்லை. அவனையே பார்த்தாள். அவன் இன்னொரு தடவை கேட்டான். அவள் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள். "நாற்பது வருஷமா இந்தக் கேள்விய நான்தான்டா எல்லார்கிட்டயும் கேட்டிருக்கேன். என்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்ல."

(நீண்ட கைதட்டல்)

அத்தான் நல்ல மனிதர்தான் ஐயா. நானும் நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன்தான். ஆனால் கேட்டதில்லை. அவளுக்குக் காப்பி பிடிக்குமா, டீ பிடிக்குமா என்று எங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு அவள் டீ கேட்டாள். காப்பிக்குப் பேர்போன எங்கள் குடும்பத்தில், என் அக்காவுக்கு டீதான் பிடிக்கும் என்பதை அவளுடைய அறுபதாவது வயதில் ஓர் ஓட்டல் பையன் கேட்டுத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

"அந்தப் பையன் காசுக்குத்தானே கேட்டான்?" என்பார்கள் எதிரணியினர். ஆமாம், காசுக்குத்தான். சம்பளம் வாங்கிக்கொண்டு, ஒரு நேரம் வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகிறான். என் அக்காவுக்குச் சம்பளமும் இல்லை, வீட்டுக்குப் போகிற நேரமும் இல்லை. ஏனென்றால் அவள் வேலை பார்க்கிற இடமே வீடுதான்.

கிளம்புகிற அன்றைக்கு அவர்கள் அறைக்குப் போனேன். என் அக்கா என்ன செய்திருந்தாள் தெரியுமா? படுக்கை விரிப்பை மடித்து வைத்திருக்கிறாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறாள். குப்பையை ஒரே இடத்தில் கூட்டி வைத்திருக்கிறாள். "ஏன்க்கா, இதுக்கெல்லாம் ஆள் வருவாங்க" என்றேன். "வர்றவளும் ஒரு பொம்பளைதானடா. அவளுக்கும் முழங்கால் வலிக்கும்ல" என்றாள். மேசையில் நூறு ரூபாய் நோட்டு ஒன்றை டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாள்.

ஓட்டலில் எப்படித் தங்க வேண்டும் என்று பல வருஷம் அறை எடுத்துத் தங்கிய எனக்கு, முதல் தடவை தங்கிய என் அக்கா கற்றுக்கொடுத்தாள். காசு கொடுத்துவிட்டோம் என்று துண்டை ஈரத் தரையில் போட்டுவிட்டு வருகிற நாம், அந்தப் பாடத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நடுவர் அவர்களே! வள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே வைத்தார். அதன் கடைசிக் குறளில் அனிச்சப் பூவைச் சொல்லி, விருந்தாளியின் மனம் எவ்வளவு மென்மையானது என்று காட்டுகிறார். முகம் மாறினால் விருந்தாளி வாடிவிடுவான். அதனால்தான் என் அக்கா இருபது வருஷம் முகம் மாறாமல் இருந்தாள். விருந்தாளி வாடவில்லை, உண்மை. விருந்து கொடுத்தவள் வாடினாளே, அதை யார் பார்த்தது? 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தது விருந்தாளியைத் துரத்த அல்ல. அடுக்களையில் நிற்கிறவளைக் காப்பாற்ற!

சாவு வீட்டுக்குப் போனால் அங்கேயே தங்குங்கள். பிரசவம், நோய் என்றால் ஓட்டலுக்குப் போகாதீர்கள், உறவோடு இருங்கள். பாயை விரித்துப் படுங்கள். அங்கே நீங்கள் விருந்தாளி இல்லை, வேலைக்காரர். ஆனால் நம் சொந்த வேலைக்கு, நம் சௌகரியத்துக்குப் போகும்போது இன்னொருத்தியின் படுக்கையைப் பிடுங்கிக்கொண்டு அதற்கு 'அன்பு' என்று பெயர் வைக்காதீர்கள்.

இப்போதும் சென்னைக்குப் போகிறேன். ஓட்டலில் பெட்டியை வைத்துக் குளித்துவிட்டு, சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போகிறேன். போகிற வழியில் டிபன் வாங்கிக்கொண்டு போகிறேன். டீ நான் போடுகிறேன்! (கைதட்டல்) இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறோம். அம்மாவைப் பற்றிப் பேசுகிறோம், ஊர் ஆற்றைப் பற்றிப் பேசுகிறோம். அவள் வீட்டில் இருபது வருஷம் தங்கியபோது இப்படி ஒரு நாள்கூடப் பேசியதில்லை. ஏனென்றால் நான் கூடத்தில் இருந்தேன், அவள் அடுக்களையில் இருந்தாள்.

நடுவர்: இப்போது அக்கா கோபம் தீர்ந்ததா ஐயா?

தீர்ந்துவிட்டது ஐயா. போன மாதம் போனில் கேட்டாள். "அடுத்த லீவுக்கும் எங்கேயாவது அந்த ஓட்டல் இருக்கிற ஊராப் பார்த்துப் போகலாமாடா?" (சிரிப்பு, கைதட்டல்)

எனவே நடுவர் அவர்களே, உறவு வேண்டாம் என்பது எங்கள் கட்சி அல்ல. உறவு வேண்டும், அது வாடாமல் வேண்டும். பயணத்தில் போகிறவனுக்கு மட்டும் கிடைப்பது நிம்மதி அல்ல. வீட்டில் இருப்பவளுக்கும் சேர்த்துக் கிடைக்க வேண்டும். இருவருக்கும் நிம்மதி தருவது ஓட்டல் அறையே என்று தீர்ப்புச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகளில், அடுக்களையில் வேலையாக இருந்துகொண்டு காதால் மட்டும் இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருத்தி இருப்பாள். யாராவது எழுந்து போய் அவளிடம் கேளுங்கள்: "உனக்குக் காப்பியா? டீயா?"



(எழுந்து நின்று கைதட்டல்)